பாலைவனத்து வெந்நீருக்கு அடுப்பு எங்கே?

ஒரு பயணத்திற்கு உங்களை அழைக்கிறேன். பயணம் கற்பனைதான், ஆனால் நாம் போகப்போகும் ஊர் கற்பனையன்று. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து கிழக்கே சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. அதன் பெயர் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ். பாலைவன வெந்நீர் ஊற்றுகள் என்பதே அப்பெயரின் பொருள்.

நாம் செல்லும் வண்டியும் சற்று வேறுபட்டது. அதற்குள்ளேயே கட்டில் உண்டு. சமையல் மேடை உண்டு. கழிப்பறையும் குளியலறையும் உண்டு. ‘ஆர்.வி.’ என்று அமெரிக்கர் சுருக்கமாக அழைக்கும் வீட்டு வண்டி இது. குளிர்காலம் வந்ததும் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வு பெற்ற முதியோர் பலர் இத்தகைய வண்டிகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்துவிடுவார்கள். ‘பனிப்பறவைகள்’ என்று அவர்களுக்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு. வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென்றே பூங்காக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம். பக்கத்திலேயே மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீர் வாய். இந்த ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் வெந்நீர்க் குளம்.

சான் கொர்கோனியோ கணவாயில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் கடந்து நாம் உள்ளே நுழைகிறோம். சனவரி மாதத்து மாலை. தென்மேற்கே 3,302 மீட்டர் உயரமுள்ள சான் ஹசிண்டோ சிகரத்திற்குப் பின்னால் கதிரவன் மறைகிறான். பகலில் 20° செல்சியஸ் இருந்த காற்று மளமளவென்று குளிர்கிறது. வறண்ட காற்று, மேகமற்ற வானம், தரையின் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குக் கதிர்வீசப்பட்டுவிடுகிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு குளத்தருகே போனால், நீரின் மேல் வெண்புகை தவழ்கிறது. நீரில் கை வைத்துப் பார்க்கிறோம். இதமான சூடு, சுமார் 40° செ. இருக்கும்.

சுற்றிலும் மணலும் பாறையும் முட்புதரும். ஆண்டு முழுவதும் சேர்த்து 15 சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. இந்த இடத்தில் நீர் இருப்பதே வியப்பு. அதைச் சூடாக்கியது யார்? அடுப்பு எங்கே இருக்கிறது?

இக்கேள்விக்குப் பலர் பலவிதமாக விடை கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். அதற்கு முன் இவ்வூரில் இரண்டு கிணறு தோண்டிய ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள். நம் விசாரணைக்கு முக்கியமான தடயம் அதில்தான் இருக்கிறது.

இரண்டு கிணறுகள்

1913ஆம் ஆண்டு கேபட் யெர்க்சா என்பவர் இங்கே குடியேறினார். அப்போது அவருக்கு வயது 30. அரசு கொடுத்த 160 ஏக்கர் நிலம் இருந்தது, நீர் இல்லை. பல கிலோமீட்டர் நடந்து இருப்புப்பாதை நிலையத்திலிருந்து நீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அவருக்குத் துணை ஒரு கழுதை. ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்!

கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு அவர் கிணறு தோண்டினார். நீர் கிடைத்தது, ஆனால் அது வெந்நீர். குடிக்கத் தண்ணீர் தேடியவருக்குக் குளிக்க வெந்நீர் கிடைத்தது! மனம் தளராமல், சில நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கிணறு தோண்டினார். அங்கே சில்லென்ற நல்ல நீர் வந்தது. அந்த மேட்டுக்கு ‘அற்புதக் குன்று’ என்று பெயரிட்டார். பின்னாளில், 1941 முதல், கிடைத்த மரத்தையும் மண்ணையும் கொண்டு அங்கே பெரிய மண்வீடு ஒன்றைத் தம் கையாலேயே எழுப்பினார். அது இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

இங்கே வெந்நீரைப் பற்றி முதலில் அறிந்தவர் யெர்க்சா என்று எண்ணிவிடக்கூடாது. இப்பள்ளத்தாக்கின் பழங்குடியினரான கவீயா மக்கள் பல தலைமுறைகளாகவே இங்குள்ள ஊற்றுகளை அறிந்து பயன்படுத்தி வந்தனர்; கிணறு தோண்டுவதிலும் வல்லவர்கள் அவர்கள். ஆயினும் யெர்க்சாவின் இரண்டு கிணறுகள் ஓர் இயற்பியல் சோதனைபோல் அமைந்துவிட்டன. ஒரே மண், ஒரே வெயில், ஒரே மழை. ஒரு கிணற்றில் வெந்நீர், மற்றொன்றில் தண்ணீர். எந்த விளக்கம் சொன்னாலும் அது இந்த வேறுபாட்டுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

கதிரவனா?

பாலைவனம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது வெயில்தான். கோடையில் இங்கே காற்றின் வெப்பநிலை 40° செ.க்கு மேல் போவது வழக்கம். நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1,000 வாட் அளவுக்குக் கதிரவனின் ஆற்றல் விழுகிறது. இது போதாதா நீரைச் சூடாக்க?

போதும், ஆனால் அந்த வெப்பம் கீழே இறங்குவதில்லை. மண்ணும் பாறையும் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகின்றன. பகலில் பெற்ற சூடு சில சென்டிமீட்டர் இறங்குவதற்குள் இரவு வந்துவிடுகிறது. பெற்றதை மேற்பரப்பு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கோயில் பிரகாரத்துக் கல் நண்பகலில் காலைச் சுடும். அதே கல் விடியற்காலையில் சில்லிட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் பகல், இரவு என்ற வேறுபாடே தெரிவதில்லை. 10 அல்லது 15 மீட்டர் ஆழத்தில் கோடை, குளிர்காலம் என்ற வேறுபாடும் மறைந்துவிடும். அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். அது அவ்வூர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியிருக்கும். இவ்வூரில் 20°க்குச் சற்று மேல் என்று கொள்ளலாம். ஆனால் இங்குள்ள சில கிணறுகளின் நீர் 60° செ.க்கும் மேல் சுடுகிறது. ஆற வைத்த பிறகே குளத்தில் விடுகிறார்கள். மேலும், வெயில்தான் காரணம் என்றால் யெர்க்சாவின் இரண்டாவது கிணறும் சுட்டிருக்க வேண்டும். எனவே கதிரவனை விட்டுவிடலாம்.

கந்தகமா?

‘நீரில் கந்தகம் கலந்திருக்கிறது, அதனால் சுடுகிறது’ என்று நம்மில் பலர் பள்ளி நாட்களிலேயே கேட்டிருக்கிறோம். நானும் கல்லூரியில் சேரும்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியிலும் வாணத்திலும் கந்தகம் எரிவதைப் பார்ப்பதால் வந்த எண்ணமாக இருக்கலாம்.

ஆனால் கந்தகம் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். நீருக்குள் அது தானாகப் பற்றி எரிவதில்லை. நாள்தோறும், ஆண்டுதோறும், நூற்றாண்டுதோறும் நீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கவேண்டுமானால் எத்தனை மலை கந்தகம் தீர்ந்திருக்க வேண்டும்! உண்மை நேர்மாறானது. சூடான நீருக்குப் பாறையிலுள்ள பொருள்களைக் கரைக்கும் திறன் அதிகம். ஆகவே வெந்நீர் ஊற்றுகள் பலவற்றில் கந்தகச் சேர்மங்கள் கலந்து அழுகிய முட்டையின் மணம் வீசுகிறது. கந்தகம் சூட்டின் விளைவு, காரணமன்று.

டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ் இதற்கு நல்ல சான்று. இவ்வூர் வெந்நீரில் அந்தக் கந்தக நாற்றம் இல்லை. அதுவே இவ்வூரின் பெருமையாகவும் பேசப்படுகிறது. மணம் இல்லை; சூடு மட்டும் இருக்கிறது. எனவே கந்தகத்தையும் விட்டுவிடலாம்.

எரிமலையா, உராய்வா?

வெந்நீர் ஊற்று என்றால் அடியில் எரிமலைக் குழம்பு இருக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் இவ்வூருக்கு அடியிலோ அருகிலோ எரிமலை இல்லை. தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி சால்டன் ஏரியின் தென்கரையில் சிறு எரிமலைக் குன்றுகள் உள்ளன. அங்கே நிலத்தடி நீராவியைக் கொண்டு மின்சாரமும் எடுக்கிறார்கள். அது தனி ஏற்பாடு.

அப்படியானால் உராய்வா? இக்கேள்வி பொருத்தமானது. ஏனெனில் இவ்வூர் சாதாரணமான இடத்தில் அமையவில்லை. புகழ்பெற்ற சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் ஒரு கிளை இவ்வூர் வழியே செல்கிறது. மிஷன் கிரீக் பிளவு என்பது அதன் பெயர். பசிபிக் தட்டு ஒருபுறம், வட அமெரிக்கத் தட்டு மறுபுறம்; இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகத்தைப்போன்றது இது. அந்த நகர்ச்சியின் பெரும்பங்கு சான் ஆண்ட்ரியாஸ் பிளவுத் தொகுதியில் நிகழ்கிறது. இரு கைகளையும் தேய்த்தால் சூடு பிறக்கிறது. இரு மலைகள் தேய்ந்தால் பிறக்காதா?

இதை அறிவியலாளர் அளந்தே பார்த்தனர். ஆர்தர் லாக்கன்புரூக், ஜான் சாஸ் ஆகிய இருவரும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே பல இடங்களில் துளையிட்டு எடுத்த வெப்ப அளவுகளை ஆராய்ந்து 1980இல் முடிவை வெளியிட்டனர். பிளவின் மேல் வெப்பம் கூடுதலாக வெளிப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அப்படியொரு மிகுதி காணப்படவில்லை! ‘வெப்பப் பாய்வுப் புதிர்’ என்றே இது புவியியலில் பெயர் பெற்றுவிட்டது. பிளவு அடுப்பாக இல்லை என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் பிளவுக்கும் வெந்நீருக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அத்தொடர்பு வேறு வகையானது.

உண்மையான அடுப்பு

பூமிக்குள் ஆழமாகச் செல்லச் செல்லச் சூடு ஏறுகிறது. சாதாரண இடங்களிலேயே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடும். ஆழமான சுரங்கங்களில் வேலை செய்வோர் இதை உடலாலேயே உணர்ந்தவர்கள்.

இந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? பூமி உருவானபோது பெற்ற வெப்பத்தின் மிச்சம் ஒரு பகுதி. பாறைகளில் சிறிதளவு கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கத்தால் இன்றும் பிறந்துகொண்டிருக்கும் வெப்பம் மற்றொரு பகுதி. ஜப்பானிலுள்ள காம்லாண்ட் ஆய்வகம், பூமிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோ துகள்களை எண்ணி, பூமி வெளிவிடும் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி கதிரியக்கத்தால் வருகிறது என்று 2011இல் தெரிவித்தது. ஆக, நாம் தேடிய அடுப்பு இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டுத் தரைக்குக் கீழேயும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது!

அப்படியானால் எல்லா ஊரிலும் வெந்நீர் ஏன் ஊறவில்லை? ஏனெனில் அடுப்பு மட்டும் போதாது. நீர் அடுப்புக்குப் போக வழி வேண்டும். சூடான பின் ஆறிப்போகாமல் விரைவாக மேலே வரவும் வழி வேண்டும். இங்கேதான் நிலப்பிளவு வந்து உதவுகிறது.

சுற்றியுள்ள மலைகளில் மழையும் பனியும் பெய்கின்றன. அந்நீரில் ஒரு பகுதி பாறை வெடிப்புகள் வழியே மெல்ல மெல்லக் கீழே கசிகிறது. இரண்டு கிலோமீட்டர் ஆழம் சென்றால் அங்குள்ள பாறை 70 அல்லது 80 பாகை சூட்டில் இருக்கும். நீரும் அச்சூட்டைப் பெறுகிறது. பிறகு நொறுங்கிய பாறைகள் நிறைந்த பிளவுப் பகுதியை அடைந்ததும், அதையே குழாயாகக் கொண்டு மேலே ஏறுகிறது. பிளவு அடுப்பன்று, அடுப்பிலிருந்து வரும் குழாய்.

நீர் மேல்நோக்கி ஏறுவானேன் என்று கேட்கலாம். ‘ப’ வடிவத்தைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் அப்படியே வைத்தாற்போன்ற ஒரு வளைகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் குளிர்ந்த நீர், மறுகையில் வெந்நீர். சூடான நீர் விரிவடைவதால் அதன் அடர்த்தி குறைவு. ஒரு கையின் சராசரி வெப்பநிலை 30°, மற்றதன் சராசரி 70° என்று கொண்டால், அடர்த்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு 1.8 பங்கு வேறுபாடு வரும். சிறியதுதான். ஆனால் குழாயின் நீளம் 2,000 மீட்டர் அல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள்: வெந்நீர்க் கை சுமார் 35 மீட்டர் உயர்ந்து நின்றால்தான் இரு கைகளும் சமநிலை அடையும். மலை உயரத்தால் வரும் அழுத்தமும் இதனோடு சேர்கிறது. எந்தப் பம்பும் இல்லாமலே நீர் ஆழத்திலிருந்து எழுந்து மேற்பரப்பை நெருங்கிவிடுகிறது. கடைசிச் சில மீட்டருக்கு மட்டும் மனிதர் கிணறு தோண்டினால் போதும்.

இப்போது யெர்க்சாவின் இரண்டாவது கிணற்றுக்கு வருவோம். பிளவின் ஒரு பக்கத்தில் வெந்நீர் ஏறுகிறது. ஆனால் தட்டுகள் உரசி உரசிப் பாறையை மாவாக அரைத்திருக்கின்றன. அந்தக் களிமண் போன்ற மாவு, பிளவின் குறுக்கே ஓர் அணைபோல் நிற்கிறது. ஏரிக்கரையின் உட்புறம் நீர் தேங்கி நிற்க, வெளிப்புறம் காய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, வடகிழக்கே வெந்நீர். தென்மேற்கே, மலை ஓடைகளிலிருந்து அதிக ஆழம் போகாமல் கசிந்து சேர்ந்த குளிர்ந்த நீர். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இதே பிளவை ஒட்டிச் சற்றுத் தென்கிழக்கே பாலைவனத்தின் நடுவே பச்சைப் பசேலென்று பனை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. நிலத்தடி அணையில் மோதிய நீர் மேலெழுவதால் அவை வாழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பிளவுக்கு அந்தப் பனைகளே அடையாளக் கோடு.

ஒரு சிறு கணக்கு

பூமிக்குள் இவ்வளவு வெப்பம் இருக்கிறதே, வெந்நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று தோன்றும். பென்சிலை எடுங்கள், கணக்குப் போடுவோம்.

பாறையின் வழியே மேலே கடத்தப்படும் வெப்பம், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.075 வாட். நம் வீட்டு வண்டி நிற்கும் இடம் 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று கொண்டால் பரப்பு 100 சதுர மீட்டர். அப்பரப்பு முழுவதிலிருந்தும் வருவது 7.5 வாட். ஒரு சிறு இரவு விளக்குக்குத்தான் போதும்!

நாம் கண்ட குளம் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 30,000 லிட்டர். ஒரு லிட்டர் நீரை 20°இலிருந்து 40°க்குச் சூடாக்க 84,000 ஜூல் வேண்டும். 30,000 லிட்டருக்கு 252 கோடி ஜூல். இதை 7.5ஆல் வகுத்தால் கிடைக்கும் வினாடிகளை ஆண்டுகளாக்கிப் பாருங்கள். பத்தரை ஆண்டுகள்! அதுவும் ஒரு ஜூல் கூட வீணாகாமல் இருந்தால்.

சரி, அதே குளத்தை நாள்தோறும் ஒருமுறை புதிதாக நிரப்ப வேண்டும் என்றால்? சுமார் 3,90,000 சதுர மீட்டர் நிலத்தின், அதாவது ஏறக்குறைய 96 ஏக்கர் நிலத்தின் அடியிலிருந்து வரும் வெப்பம் முழுவதும் அந்த ஒரு சிறு குளத்திற்கே செலவாகும். ஊரிலோ குளங்கள் பல.

இக்கணக்கு நமக்கு என்ன சொல்கிறது? நாம் அனுபவிக்கும் சூடு, அன்றாட வருமானம் அன்று. பரந்த பாறைகள் நீண்ட காலமாகச் சேர்த்து வைத்த சேமிப்பு. நீரும் அப்படியே. ஆழத்திற்குப் போய் வருவதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் மனித வாழ்நாளால் அளக்கத்தக்கதன்று. வருமானத்துக்கு மேல் எடுத்துச் செலவு செய்தால் எந்தச் சேமிப்பும் கரைந்துதான் போகும். சூடு குறையலாம், நீர் மட்டம் தாழலாம்.

குளத்தில் இறங்குமுன்

இப்போது குளத்தில் இறங்கலாம். ஆனால் அதற்குமுன் உங்கள் உடலையும் ஓர் இயற்பியல் பொருளாக எண்ணிப் பாருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடலில் சுமார் 100 வாட் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேறினால்தான் உடல் 37°இல் நிலைத்திருக்கும். பாலைவனக் கோடையில் 40° காற்றில் நாம் எப்படிப் பிழைக்கிறோம்? வியர்வையால். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியானாலே அந்த 100 வாட் வெளியேறிவிடும். வறண்ட காற்று இதற்குத் துணை செய்கிறது. வெளியிலிருந்து வரும் சூட்டுக்கு இன்னும் சற்று வியர்க்க வேண்டும்; அவ்வளவுதான்.

ஆனால் 40° நீரில் கழுத்தளவு அமர்ந்தால் வியர்வை ஆவியாக வழியில்லை. வெளியிலுள்ள நீர் உடலைவிடச் சூடானது. ஆகவே வெப்பம் உள்ளேதான் வரும். நீர் வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வல்லது. வெளியிலிருந்து வருவதை விட்டுவிட்டு, உடலின் சொந்த 100 வாட்டை மட்டும் கணக்கிடுவோம். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் ஒரு பாகை சூடேறச் சுமார் 2,10,000 ஜூல் போதும். 35 நிமிடத்தில் அது சேர்ந்துவிடும்! நீரிலிருந்து வருவதையும் கூட்டினால் நேரம் இன்னும் குறையும். ஒரு பாகை என்றால் 38°, அதாவது காய்ச்சல். இரண்டு பாகை என்றால் கடுங்காய்ச்சல்.

அதனால்தான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெந்நீர்த் தொட்டிகளுக்கு 40° செ. என்பதை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. 10, 15 நிமிடத்தில் எழுந்துவிடுவது நல்லது. எழும்போதும் மெல்ல எழ வேண்டும். சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். திடீரென்று எழுந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தலை சுற்றும். இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் இறங்கக்கூடாது. மது அருந்திவிட்டு யாருமே இறங்கக்கூடாது.

இன்னோர் எச்சரிக்கை, பூங்காக் குளங்களுக்கன்றி, திறந்த வெளியில் இயற்கையாக ஊறும் வெந்நீருக்கு. நெக்ளீரியா என்னும் ஒரு செல் உயிரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. அந்நீரைக் குடித்தால் அது நோய் தருவதில்லை. ஆனால் மூக்கின் வழியே புகுந்தால் மூளையைத் தாக்கும். இந்நோய் மிக அரிது. வந்தவர் பிழைப்பது அதைவிட அரிது. 2023ஆம் ஆண்டில் பக்கத்து மாநிலமான நெவாடாவில் பாலைவன ஊற்று ஒன்றில் விளையாடிய சிறு குழந்தை இதனால் உயிரிழந்தது. தூய்மை செய்யப்படாத வெந்நீர் ஊற்றில் தலையை முழுக்காதிருப்பதே எளிய பாதுகாப்பு. இந்த ஒரு வரியையாவது நினைவில் வையுங்கள்.

போன வழியே திரும்பும் நீர்

மறுநாள் காலை புறப்படுகிறோம். வீட்டு வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள் உண்டு. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் ஒன்றில். கழிப்பறைக் கழிவு மற்றொன்றில். இவற்றை அதற்கென அமைந்த கழிவுநீர் வாயில்தான் திறந்துவிட வேண்டும். ஆளில்லாப் பாலைவனம்தானே என்று சாலையோரத்தில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். அது குற்றமாக இருக்க வேண்டியதன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். மலையில் பெய்த மழைக்குக் கீழே இறங்க வழிவிட்ட அதே மணலும் வெடிப்பும் கழிவுக்கும் வழிவிடும். மழையைக் கழிவிலிருந்து பிரித்தறியப் பாறைக்குத் தெரியாது.

இவ்வூரில் பல வீடுகளின் கழிவு முன்பு தரைக்கடித் தொட்டிகளில் விடப்பட்டு மண்ணில் கசிந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்பதை உணர்ந்த உள்ளூர் நீர் வாரியம், அவ்வீடுகளைப் பொதுக் கழிவுநீர்க் குழாய்களோடு இணைக்கும் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்தது. குடிக்கும் நீரும் குளிக்கும் நீரும் பிளவின் இருபுறமும் இருக்க, ஊரின் வாழ்வு முழுவதும் அந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.

வண்டி நகர்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் பனை மரங்களின் வரிசை. 1948 டிசம்பர் 4ஆம் நாளும் 1986 ஜூலை 8ஆம் நாளும் ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கங்கள் இப்பகுதியை உலுக்கின. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இத்தென்பகுதி மிகப் பெரிய அளவில் நகர்ந்து சுமார் 300 ஆண்டுகள் ஆகிவிட்டன. மீண்டும் ஒரு நாள் அது நகரும் என்பதில் அறிவியலாளருக்கு ஐயமில்லை; எந்த நாள் என்பதைத்தான் சொல்ல முடியாது. அதனால் அங்கே வீடுகளைக் கட்டுவதற்கும், பிளவின் மேல் கட்டாமலிருப்பதற்கும் சட்டங்கள் இருக்கின்றன.

முதியோரின் மூட்டு வலிக்கு இதம் தரும் வெந்நீரைக் கொண்டுவந்ததும் அந்தப் பிளவுதான். ஊரை ஒருநாள் குலுக்கப்போவதும் அதுதான். இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டு அம்மக்கள் வாழ்கிறார்கள். இனி எங்கேனும் ஒரு வெந்நீர் ஊற்றைக் கண்டால், ‘கந்தகம் இருக்கிறது, அதனால் சுடுகிறது’ என்று யாராவது சொன்னால், அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த நீர் எவ்வளவு ஆழம் போய் வந்திருக்கும்?’ அக்கேள்வியில்தான் விடை தொடங்குகிறது.